விளையாட்டுப் பெட்டிக்காகத் திறந்து கிடந்த கதவு

அருப்புக்கோட்டையில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ‘ரேடியோ லைசென்ஸ்’ என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால் ஆண்டுதோறும் தபால் நிலையத்துக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டும். சின்ன ஏட்டில் வில்லை ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் வந்தது. அதற்கு முன்பே இலங்கை வானொலியின் பாட்டு கரிசல்காட்டுத் தெருக்களில் ஒலித்துக்கொண்டிருந்தது. எந்த நிலையத்தைக் கேட்டாலும் கட்டணம் ஒன்றுதான். 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவி எதையும் வைத்திருக்கக் கூடாது என்றது. வானொலிப் பெட்டி அலையை வாங்க மட்டுமே செய்யும், அனுப்பாது. அதற்கே இந்தக் கெடுபிடி. 1980-களில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது.

இன்று அதே வீடுகளின் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் வைஃபை மோடம் அலையை வாங்குவதோடு அனுப்பவும் செய்கிறது. பழைய கணக்குப்படி பார்த்தால் அது ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். அதை வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை என்ற நிலைமைக்கு ஒரு தேதி இருக்கிறது. 2005 ஜனவரியில், 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் குறைந்த திறனில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு விதி வெளியிட்டது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ‘டேட்டாஒன்’ பிராட்பேண்ட் சேவை தொடங்கியதும் அதே மாதம்தான். கம்பி வழியாக இணையம் வீட்டு வாசல்வரை வரவும், வாசலிலிருந்து உள்ளறைவரை காற்றில் போகவும் ஒரே சமயத்தில் வழி பிறந்தது.

அதுவரை பூட்டு அரசிடம் இருந்தது. அரசு விலகிக்கொண்டதும் பூட்டும் சாவியும் வீட்டுக்காரர் கைக்கு வந்தன. அவருக்கு அது தெரியாது. அடுத்த சில ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் பல வீடுகளின் பூட்டு எவ்வளவு வலுவாக இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது அரசுமில்லை, வீட்டுக்காரருமில்லை. பிள்ளைகள் கையிலிருந்த விளையாட்டுப் பெட்டி.

அந்தப் பெட்டிக்கு வருமுன் ஊரைப் பார்த்துவிடலாம். மதுரைக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டரில் அருப்புக்கோட்டை. தறிச் சத்தமும் நூற்பாலைச் சங்கும் கேட்டு வளர்ந்த நெசவு ஊர். அங்கிருந்து கிழக்கே போனால் குண்டாற்றங்கரையில் திருச்சுழி. ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர். அதையும் தாண்டினால் நரிக்குடிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம், இடையிடையே கரிமூட்டப் புகை. மழை பெய்தால் மல்லியும் மிளகாயும் பருத்தியும். பெய்யாவிட்டால் காடு தரிசு. ஊருக்கும் ஊருக்கும் நடுவே இவ்வளவு வெட்டவெளி கிடக்கும் சீமையில் நாலு வீட்டுக்காகத் தாமிரக் கம்பி இழுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. கம்பியில்லாத் தொடர்பின் அருமை மாநகரத்தைவிட இப்படிப்பட்ட பூமிக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். தென்மாவட்டங்களில் அப்படித்தான் நடந்தது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும் மைடாஸ் நிறுவனமும் சேர்ந்து 1990-களில் ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கின. கோபுரத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவுவரை பேச்சும் இணையமும் ஒரே நேரத்தில் போகும்; வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைக்கு ஒரு புகைப்படம் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும் வேகம்தான். ஆனால் 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இந்த முறையில் இணைய மையங்கள் திறந்தபோது, சாதிச் சான்றிதழுக்கு மனு அனுப்பவும் வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகத்தைக் கணினியில் பார்க்கவும் கிராமத்து மக்கள் வந்தார்கள்.

அடுத்தது தேனி. எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமமான வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2005-06-இல் தேனியிலுள்ள தன் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபை மூலமாகவே இணைத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து உதவினார்கள். வீட்டுக்குள் புழங்குவதற்கென்று செய்த வைஃபை கிலோமீட்டர் கணக்கில் போகாது. காரணம் அலையின் பலவீனம் மட்டுமில்லை. அனுப்பிய ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் கருவி காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் வருவதற்குள் பொறுமையிழந்து அதையே திரும்ப அனுப்பும். ஆய்வாளர்கள் அந்த வழக்கத்தை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மென்பொருளை எழுதினார்கள். திசை நோக்கிய ஆன்டெனாக்களைக் கோபுரத்தில் ஏற்றினார்கள். தேனியில் உட்கார்ந்திருந்த மருத்துவர், கிராம மையத்தில் இருந்த நோயாளியோடு வீடியோவில் முகம் பார்த்துப் பேசினார். தமிழகக் கிராமங்களில் வைஃபை முதலில் செய்த பெரிய வேலைகளில் ஒன்று இது. விளையாட்டு பிறகுதான் வந்தது.

பிறகு என்றாலும் வெகுநாள் ஆகவில்லை. டிவி கேம் 1990-களிலேயே தென்மாவட்டச் சிறு நகரங்களுக்கு வந்துவிட்டது. ஜப்பானின் நின்டெண்டோ பெட்டியைப் பார்த்து அடித்த நகல்கள் அவை. சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கி ஊருக்குக் கொண்டுவருவார்கள். கேசட்டை எடுத்து வாயால் ஊதிச் செருகினால் மாரியோ ஓடுவான், காண்ட்ரா சுடும். பெட்டி இல்லாத பிள்ளைகளுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் கேம் கடைகள் இருந்தன. அந்தப் பெட்டிகளுக்கு ஒயர் இரண்டே: ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று டிவிக்கு. வெளியுலகம் என்று எதுவும் அவற்றுக்குத் தெரியாது. பூட்டும் தேவைப்படவில்லை.

வீட்டில் இருந்த ஒரே டிவியைப் பெரியவர்களிடமிருந்து பிடுங்குவதுதான் பிள்ளைகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அதற்கு விடிவு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 2006 செப்டம்பர் 15 அன்று தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் தமிழகம் முழுக்க வீடு வீடாகப் போயின. ஏற்கெனவே டிவி வைத்திருந்த வீட்டில் அது இரண்டாவது டிவி ஆனது. கேம் பெட்டிக்கு ஒரு திரை கிடைத்தது. நலத்திட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை எழுதுவதில்லை, எழுத வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சின்னத் திரை என்னவாக இருந்தது என்பதும் சேர்ந்ததுதான் அதன் வரலாறு.

இந்த இடைவெளியில் வெளியுலகில் விளையாட்டுப் பெட்டி இணையத்தைத் தேடிப் போய்விட்டது. 1998-இல் செகாவின் டிரீம்காஸ்ட் தொலைபேசி மோடத்தைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு வந்தது. 2001-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்குக் கம்பி இணைப்புக்கான துளை இருந்தது. காற்று வழி இணைப்பை வெகுஜனப் பழக்கமாக்கியவை கையடக்கப் பெட்டிகள்: 2004-இல் வந்த நின்டெண்டோ டிஎஸ், சோனி பிஎஸ்பி. இந்தியாவில் எக்ஸ்பாக்ஸ் 360 அதிகாரபூர்வமாக 2006-இலும் பிளேஸ்டேஷன் 3 2007-இலும் விற்பனைக்கு வந்தன. பிளேஸ்டேஷன் 3 இங்கே இறங்கியபோது விலை 39,990 ரூபாய். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுக்கு அது எட்டாத விலை. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் உறவினர் பெட்டியில் பழைய டிஎஸ் ஒன்று வந்தால்தான் உண்டு.

அந்தச் சின்ன டிஎஸ் பெட்டிதான் இந்தக் கதையின் மையம்.

வைஃபைக்கான முதல் தரநிலை 1997-இல் வந்தபோதே அதனுடன் ஒரு பூட்டும் வந்தது. பெயர் வெப். அமெரிக்கா வலுவான மறைகுறி முறைகளை ஏற்றுமதி செய்யத் தடை போட்டிருந்த காலம் அது. அதனால் சாவியின் நீளம் 40 பிட் என்று சுருக்கப்பட்டது. அதாவது ஐந்து எழுத்து, அல்லது பதினாறிலக்க முறையில் பத்துக் குறி. பிறகு 104 பிட் வந்தது, பதின்மூன்று எழுத்து. நீளம் கூடியும் பயனில்லை. கோளாறு வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவியோடு சேர்க்கப்படும் மாறும் எண்ணுக்கு 24 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். மொத்தம் 1,67,77,216 எண்கள். போக்குவரத்து மிகுந்த இணைப்பில் சில மணி நேரத்தில் அவை தீர்ந்து, பழைய எண்ணே திரும்ப வரும். திரும்ப வருவதை ஒட்டுக்கேட்கிறவன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவரும் அந்த எண்களிலேயே சில வகை சாவியைக் காட்டிக்கொடுக்கின்றன என்று நிறுவினார்கள். 2007-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மூவர் 104 பிட் சாவியை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள்.

மாற்றுப் பூட்டுகள் அதற்கு முன்பே தயாராகிவிட்டன: 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் டபிள்யூபிஏ2. சோனி 2005-இல் மென்பொருள் புதுப்பிப்பு அனுப்பி பிஎஸ்பிக்குப் புதிய பூட்டைக் கற்றுக்கொடுத்தது. நின்டெண்டோ அதைச் செய்யவில்லை. ‘மாரியோ கார்ட்’ ஆட்டத்தோடு 2005 நவம்பரில் அதன் இணையச் சேவை தொடங்கியபோது டிஎஸ் பேசத் தெரிந்த ஒரே பூட்டு வெப். ஏற்கெனவே உடைந்தது என்று ஊரறிந்த பூட்டு.

அக்கால ரவுட்டரில் வீடு முழுமைக்கும் ஒரே பூட்டுதான் வைக்க முடியும். பையன் டிஎஸ்ஸில் விளையாட வேண்டுமானால் அப்பா வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியும் வெப் பூட்டுக்கு இறங்கி வர வேண்டும். இல்லையென்றால் கதவை முழுதாகத் திறந்துபோட வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேரம் நடந்தது. ‘குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதி’ என்று கருவியின் வன்பொருள் முகவரியைப் பட்டியல் போட்டு வைப்பதைச் சிலர் பாதுகாப்பென்று நம்பினார்கள். அந்த முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகும். கேட்டு நகலெடுப்பது சிரமமில்லை. நின்டெண்டோ கணினியில் செருகும் ஒரு யூஎஸ்பி குச்சியை விற்றது. அது டிஎஸ்ஸுக்கு மட்டும் தனிப்பாதை போட்டுக் கொடுத்தது. நல்ல தீர்வுதான், ஆனால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2008-இல் வந்த டிஎஸ்ஐ புதிய பூட்டுகளைக் கற்றிருந்தும், பழைய டிஎஸ் ஆட்டங்களைப் போட்டால் வெப்புக்கே திரும்பியது. குழந்தைகளுக்கான பொருளைச் செய்கிற நிறுவனம் வீட்டின் பாதுகாப்பைப் பற்றி இதைவிடக் கூடுதலாகக் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

இந்தியாவுக்குப் பூட்டைப் பற்றிய பாடம் விளையாட்டு வழியாக வரவில்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சலைப் போலீஸார் தேடிப்போனபோது, அது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டின் வைஃபையில் போய் முடிந்தது. திறந்து கிடந்த இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பையொட்டி வந்த மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகவே போயிருந்தது. 2009 ஜனவரியில் மும்பைப் போலீஸார், பூட்டாத வைஃபைகளைத் தேடி நகரைச் சுற்றப்போவதாக அறிவித்தார்கள். பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது குறித்து இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்கள் அனுப்பியது. வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடாமல் இருப்பது ஆபத்து என்ற எண்ணம் இந்திய வீடுகளுக்கு வந்தது அந்த எட்டு மாதங்களில்தான்.

எண்ணம் வந்தது சரி, பாஸ்வேர்டு எது? தமிழகத்துச் சிறு நகரங்களில் மிகப் பரவலான விடை, வீட்டுக்காரரின் கைபேசி எண். மறக்காது, பத்து இலக்கம் இருக்கிறது, மோடம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. பழைய 40 பிட் வெப் சாவியும் பத்துக் குறிதான் என்பதால் அதற்கும் கைபேசி எண் அப்படியே பொருந்தும். குறைந்தது எட்டு எழுத்து கேட்கும் டபிள்யூபிஏ2-வுக்கும் பொருந்தும். பொருந்துவதும் பாதுகாப்பதும் வேறு வேறு. டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டைக் காற்றில் அனுப்பாது. வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து 4,096 சுற்று கணக்குப் போட்டு ஒரு சாவி செய்யும். பிறகு மோடமும் கேம் பெட்டியும் ஆளுக்கொரு தற்செயல் எண்ணை அனுப்பி, இருவரிடமும் இருப்பது ஒரே சாவிதானா என்று நான்கு செய்திகளில் சரிபார்த்துக்கொள்ளும். அந்த நான்கு செய்திகளைப் பிடித்துவிட்டால், பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துச் சோதிக்கலாம். இந்தியக் கைபேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே சோதிக்க வேண்டியது அதிகபட்சம் 400 கோடி எண்கள். கேம் விளையாடுவதற்கென்றே விற்கும் உயர்தர கிராபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குப் பத்து லட்சம் சோதனை செய்யும். மொத்தத்தையும் முடிக்க ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் போதும். தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி நடுவே ஓர் எண் போட்டால் அதே கார்டுக்கு ஆயுள் போதாது.

2016-இல் ஜியோ வந்தபிறகு கிராமத்துப் பிள்ளைகளின் விளையாட்டு பெரும்பாலும் கைபேசிக்குப் போனது. ஆனாலும் கடந்த சில ஆண்டுகளாகப் பழைய பிளேஸ்டேஷன் 4 கைமாறிக் கைமாறி அருப்புக்கோட்டை போன்ற ஊர்களுக்கும் வருகிறது. பாரத்நெட் திட்டம் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுபோக முனைந்தது. ஊருக்குள் கேபிள் டிவிக்காரர்களே இழை இணைப்பும் கொடுக்கிறார்கள். இழை வந்து இறங்கும் இடம் தெருவோர முன்னறை. கேம் பெட்டி இருப்பது டிவி இருக்கும் பட்டாசலில், அல்லது அதற்கும் உள்ளே. நடுவில் ஒன்றரை அடிக் காரைச் சுவர். மோடத்தின் அடியில் ஒட்டிய தாளில் இரண்டு பெயர்கள் இருக்கும், ஒன்றின் வாலில் ‘5ஜி’ என்று. இது கைபேசியின் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ். 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு அந்தப் பெயர் கண்ணிலேயே படாது. அதற்குத் தெரிந்தது 2.4 மட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. 2.4-தான் காரைச் சுவரையும் ஓரளவு நன்றாகத் தாண்டும்.

பெயரைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் விசைப்பலகை விரியும். கையிலிருக்கும் கன்ட்ரோலரின் அம்பை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எழுத்தாக நகர வேண்டும். பெரிய எழுத்துக்கு ஒரு பொத்தான், எண்ணுக்கு ஒரு பொத்தான். சுழியத்துக்கும் ‘ஓ’ எழுத்துக்கும் வேறுபாடு தெரியாத தாள் என்றால் இரண்டு மூன்று தடவை தோற்றுத்தான் ஏறும். பாஸ்வேர்டைச் சுருக்கி, எண்ணாக்கி, எளிதாக்கிவிட வேண்டும் என்ற ஆசை ஒரு வீட்டில் பிறப்பது இந்த நேரத்தில்தான். ஒரே தடவை அடிக்கப்போகிற பாஸ்வேர்டு. பெட்டி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பத்து நிமிடப் பொறுமைக்கு மேல் அது கேட்பதில்லை.

இணைந்தபிறகும் சிலருக்கு நண்பனோடு சேர்ந்து ஆட முடியாது, குரல் போகாது. அது வைஃபைக் கோளாறு அல்ல. இணைய முகவரிப் பற்றாக்குறையால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் நின்றுவிடும். வீட்டு ரவுட்டரில் எதைத் திறந்துபோட்டாலும் இது சரியாகாது. திறந்துபோட்டால் ஆபத்துதான் மிச்சம். இணைப்புக் கொடுத்தவரிடம் தனி முகவரி கேட்டு வாங்குவதே வழி.

டிஎஸ்ஸுக்கான நின்டெண்டோவின் இணையச் சேவை 2014 மே 20-இல் மூடப்பட்டது. வெப்பைப் பிடித்துக்கொண்டிருந்த முக்கியமான காரணம் அதோடு போயிற்று. ஆனால் 2018-இல் டபிள்யூபிஏ3 அறிமுகமானதும் பழைய பேரம் புதிய பெயரில் திரும்பிவிட்டது. பிளேஸ்டேஷன் 3-க்கு அந்தப் பூட்டு தெரியாது. அதற்காக வீடு முழுவதையும் கீழே இறக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. இன்றைய மோடங்களில் பெரும்பாலானவை விருந்தினருக்கென்று இரண்டாவது வைஃபைப் பெயர் ஒன்றை உருவாக்க விடுகின்றன. பழைய பெட்டியை டபிள்யூபிஏ2 பூட்டோடு அந்தப் பெயரில் ஏற்றிவிட்டு, வங்கிக் கணக்கு பார்க்கும் கைபேசியையும் பள்ளிக்கூட மடிக்கணினியையும் முதல் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று இருக்கும். இழை இணைக்க வரும் பையனிடம் அன்றைக்கே கேட்டால் நின்ற நிலையில் செய்து கொடுத்துவிட்டுப் போவான்.